சாவி கையில் இருந்தது

மழை பிடித்துப் பன்னிரண்டாம் நாள் காலையில், கானகொப்பத்து நரஹரி பட்டின் கார், உள்ளே ஆள் யாரும் இல்லாமல் தானாக நகர்ந்தது.

அந்த நேரத்தில் அவர் மனைவி வசுதா பின்கதவைத் திறந்து, சாப்பாட்டுப் பையைச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். காருக்கு எதிரே, பாக்குக் கொட்டகையின் செங்கல்சுவரை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் அவர்களுடைய நாலு வயது மகள் ஆத்யா உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு கைநழுவி ஓரமாக விழுந்தது. அதை எடுக்க ஆத்யா பெஞ்சிலிருந்து இறங்கி நாலு அடி தள்ளிப் போனாள். அவ்வளவுதான்.

முதலில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், நகத்தால் தகரத்தைச் சுண்டின மாதிரி. மறு நொடி கார் ஒரு குலுக்கு குலுக்கி முன்னால் பாய்ந்தது. வசுதாவின் கையிலிருந்து கதவு பிடுங்கிக்கொண்டு போனது. இருமிக்கொண்டே தவழ்வதுபோல் கார் சுவர்ப் பக்கம் நகர்ந்தது. பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் முறிந்து, சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் நொறுங்கியது. பிறகு கார் தானாகவே நின்றுவிட்டது.

வசுதா என்ன செய்தாள் என்று அவளுக்கே பிறகு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. டிரைவர் சீட்டில் ஏறினாள். பிரேக்கை மிதித்தாள். கையில் இருந்த சாவியைச் செருகி அப்படியும் இப்படியும் திருகினாள், அணைப்பதற்கு. அணைக்க அங்கே எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நரஹரி ஈர வேட்டியோடு தோட்டத்திலிருந்து ஓடிவந்தபோது அவர் கண்ணில் பட்டது இதுதான்: மனைவி ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சாவி துவாரத்தில் தொங்குகிறது, கார் கியரில் இருக்கிறது. ஆத்யா ஒற்றைச் செருப்போடு ஓரத்தில் நின்று, “அம்மா, பெஞ்சை உடைச்சிட்டே” என்றாள்.

அன்று மாலை நரஹரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“வசு, கை தவறிப் போறது எல்லாருக்கும் உள்ளதுதான். காலைல ஆயிரம் அவசரம். சாவியைப் போட்டுத் திருப்பியிருப்பே, கியர் விழுந்து இருந்தது மறந்து போயிருக்கும்.”

“சாவி என் கையில இருந்தது. நான் பின்னாடி நின்னேன்.”

“நான் வந்தப்போ நீ முன்னாடிதானே உக்காந்திருந்தே?”

“அது அப்புறம் ஏறினது.”

“சரி சரி, விடு. குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. தேவி காப்பாத்தினா.”

அந்தச் ‘சரி சரி’தான் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மழைக்காலத்தில் ஹேண்ட்பிரேக் இழுத்து வைத்தால் மறுநாள் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். அதனால் அந்தப் பக்கத்தில் எல்லாரும் கியரில்தான் வண்டியை நிறுத்துவார்கள். அதை அவள் எப்படி மறப்பாள்? ஏழு வருடமாக ஓட்டுகிறாள். ஆனால் இரவு படுத்துக் கண்ணை மூடினால், சாவியைத் திருகும் தன் கை மட்டும்தான் தெரிந்தது. அது கார் பாய்ந்ததற்கு முன்னாலா, பின்னாலா? நினைக்க நினைக்க அந்த வரிசை கலைந்து போயிற்று. நாலாம் நாள், முன்னால்தானோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

வசுதா ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பவள். தன் கை என்ன செய்கிறது என்று தெரியாத ஒருத்தி மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காரலாமா? ஒவ்வொரு பொட்டலத்தையும் மூன்று தடவை எண்ணினாள். கட்டிய பொட்டலத்தைப் பிரித்து மறுபடி பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வரிசை நீண்டது.

“அக்கா, எண்ணி எண்ணியே மாத்திரை தேஞ்சிடும் போல இருக்கே” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு நாள், இரத்த அழுத்த மாத்திரை வாங்கிப்போன கிழவர் ஒருவரை மழையில் பஸ் நிறுத்தம் வரை துரத்திப் போய், பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். சரியான மாத்திரைதான். சரியாக இருந்ததும் அவளுக்கு ஆறுதலாக இல்லை. பார்க்காமல் விட்டிருந்தால்?

கார் கொட்டகையிலேயே கிடந்தது. நரஹரி அதைப் பின்னுக்குத் தள்ளி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்கு அடியில் கல் கொடுத்திருந்தார். வசுதா பஸ்ஸில் போய் வந்தாள். ஆத்யாவைக் கொட்டகை வழியாகப் போக விடுவதில்லை. சமையலறையிலிருந்து பார்த்தால் காரின் இரண்டு முகவிளக்கும் தெரியும். அந்த ஜன்னலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள்.

பத்தாம் நாள், வேலை முடிந்ததும் சாகர டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பாவ்லுவின் கடைக்குப் போனாள். பாவ்லு கார் எலெக்ட்ரீஷியன். கடலோரத்துக் கொங்கணிக்காரர், இந்த மழைநாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. அவர் ஒரு லாரியின் ஹாரனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, சாவி இல்லாம கார் தானா நகருமா?”

“நகரும் அக்கா. உள்ள பேய் உக்காந்து ஓட்டினா நகரும். பேய்க்கு லைசென்ஸ் இருக்கான்னு கேட்டீங்களா?”

அவள் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது. பாவ்லு ஹாரனைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க.”

சொன்னாள். ‘டிக்’ என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“டிக் தனியா கேட்டதா, குதிக்கறப்பவே கேட்டதா?”

“முதல்ல டிக். அப்புறம்தான் குதிச்சது. நடுவுல ஒரு மூச்சு நேரம் இருக்கும்.”

பாவ்லு கையை இறக்கினார். பிறகு அலமாரியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சதுரத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“இதுதான் ஸ்டார்ட்டர் ரிலே. சாவியைத் திருப்பினா, ஒரு சின்ன ஒயர் வழியா இதுக்கு உத்தரவு வரும். இது டிக்குன்னு மூடிக்கிட்டு, ஸ்டார்ட்டருக்குப் பெரிய கரண்டை விடும். சின்ன சாவி, பெரிய மதகுன்னு வெச்சுக்குங்க. சாவியால போட்டா டிக்கும் குதியும் ஒண்ணாத்தான் கேக்கும், பிரிச்சுச் சொல்லவே முடியாது. தனியா டிக் கேட்டதுன்னா உத்தரவு அரைகுறையா வந்திருக்கு. அதை நீங்க சும்மா கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது.”

“அப்போ என் மேல தப்பு இல்லையா?”

“வண்டியைப் பாக்காம எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை அதிசயமாக வானம் வெளுத்திருந்தது. பாவ்லு ஸ்கூட்டரில் வந்து இறங்கி, காபிக்குப் பதில் கொடுத்த கஷாயத்தைக் குடித்துவிட்டு வேலையில் இறங்கினார். பேட்டரியைப் பார்த்தார். சாவித் துவாரத்தைக் கழற்றி, திருகி, தட்டிப் பார்த்தார். ரிலேயைப் பிடுங்கித் தரையில் வைத்து ஸ்பேனரால் தட்டினார். அதன் மேல் தண்ணீர் தெளித்தும் பார்த்தார். பிறகு ரிலே இருந்த குழியில், உத்தரவு வரும் இரண்டு துளைகளிலும் ஒரு குட்டி பல்பின் கால்களைச் செருகினார்.

“எங்கேர்ந்தாவது திருட்டு உத்தரவு வந்தா இந்த பல்பு எரியும். காவக்காரன் மாதிரி.”

எல்லோரும் அவல் சாப்பிட்டு முடிக்கும் வரை அந்தக் காவல்காரன் கண் திறக்கவில்லை. வசுதா தட்டைத் தொடாமல் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையாலேயே எரிய வைத்துவிடுவாள் போலிருந்தது. எரியவில்லை.

“எல்லாம் சுத்தமா இருக்கு பட்ரே” என்று பாவ்லு நரஹரியிடம் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல். “என்ஜினுக்குப் பின்னாடி போற ஒயர்க்கட்டுதான் மிச்சம். அதுக்கு வைப்பர் தட்டைக் கழட்டணும். கடைக்குக் கொண்டாந்துடுங்க, பாத்துடலாம்.”

“நான் அன்னிக்கே சொன்னேன் மாராயா. அவதான் மனசு கேக்காம…” என்று நரஹரி இழுத்தார். பிறகு மனைவியிடம், “பாத்தாச்சுல்ல? இனிமே நிம்மதியா இரு” என்றார்.

நிம்மதி! காரில் பழுது இல்லையென்றால், பழுது வசுதாவுக்குள் இருக்கிறது. பின்கதவின் பக்கம் நின்றபடி கையில் சாவி வைத்திருந்ததாக அவள் நினைப்பதெல்லாம் மனம் கட்டிக்கொண்ட கதை. நாளைக்குப் போய் எதை எண்ணி யார் கையில் கொடுப்பாள்? மகளை எந்தத் துணிச்சலில் தூக்குவாள்?

பாவ்லு ரிலேயைத் திரும்பச் செருகினார். ரொம்ப நாள் நின்ற வண்டி என்று நரஹரி கல்லை எடுத்துவிட்டு அதை ஓட்டிக்கொண்டு போனார். மெயின் ரோடு வரை போய்த் திரும்புவதற்குள் வானம் இருண்டு, கொட்டித் தீர்த்தது. கார் நனைந்துகொண்டே கொட்டகைக்குள் வந்து பழைய இடத்தில் நின்றது. கூரையில் உடைந்த ஓடு ஒன்றின் வழியே, வைப்பருக்கு நேராக, விரல் பருமனில் தண்ணீர் ஒழுகியது. நரஹரி பழக்கத்தில் வண்டியைக் கியரிலேயே விட்டு, இறங்கிக் கதவைச் சாத்தினார்.

“பாத்தியா, வெண்ணெய் மாதிரி ஓடுது” என்றார்.

பாவ்லு தன் டூல்ஸ் பெட்டியை எடுக்கச் சுவர்ப் பக்கம் போனார். அது முன்பு பெஞ்சு கிடந்த இடத்தில் இருந்தது. அவர் காருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். மழை ஓட்டின் மேல் பறை கொட்டியது.

அந்த இரைச்சலுக்குள் வசுதாவுக்கு அது கேட்டது.

டிக்.

மற்ற இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களுக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரியும். ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சு நேரத்தில் இதுவும் தன் பிரமையோ என்ற பயமும் வந்தது, பிரமை இல்லையென்றால் என்ற பயமும் வந்தது. இரண்டாவது பயம் பெரியதாக இருந்தது. அவள் பாய்ந்து பாவ்லுவின் சட்டைக் காலரைப் பிடித்து, முழு உடம்பின் பாரத்தோடும் பக்கவாட்டில் இழுத்தாள்.

“அய்யோ, என்னக்கா…”

இருவரும் பாக்கு மூட்டையின் மேல் விழுந்தார்கள். கார் ஒரு குலுக்கு குலுக்கிப் பாய்ந்தது. டூல்ஸ் பெட்டி சுவரோடு நசுங்கிக் கிறீச்சிட்டது. இந்தத் தடவை அது நிற்கவில்லை. ‘ரூவ்… ரூவ்… ரூவ்…’ என்று முக்கியபடி சுவரை முட்டிக்கொண்டே இருந்தது. கட்டிப்போட்ட எருமை முளையை இழுப்பதுபோல முன்சக்கரம் ஈரத் தரையில் அங்குலம் அங்குலமாக வழுக்கியது. சுவரிலிருந்து செம்மண் உதிர்ந்தது. எரியும் ரப்பர் நாற்றம் வந்தது.

நரஹரி கதவுக்கு வெளியே சிலையாக நின்றார். அவர் பார்த்தது காரை அல்ல, தன் வலது கையை. அதில் சாவி இருந்தது.

“நியூட்ரல்! யாராவது நியூட்ரல் பண்ணுங்க!” என்று பாவ்லு விழுந்த இடத்திலிருந்தே கத்தினார். அவர் கால் மூட்டைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

நரஹரி அசையவில்லை. வசுதாதான் எழுந்து ஓடினாள். கதவைத் திறக்கப் போனபோது ஈரத்தில் கைப்பிடி இரண்டு முறை வழுக்கியது. அந்தச் சீட்டில் ஏறி உட்காருவது, இறந்துபோன ஏதோ ஒன்றின் மடியில் உட்காருவது போலிருந்தது. கிளட்சை மிதித்தாள். கியரை அடித்து நடுவுக்குத் தள்ளினாள். கார் முட்டுவதை விட்டது. ஆனால் ஸ்டார்ட்டர் சுழல்வதை விடவில்லை. சாவித் துவாரம் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வெறுமையாக, கறுப்பாக, வாயைத் திறந்துகொண்டிருந்தது. யாருமே சொல்லாத உத்தரவுக்கு அந்த இரும்பு கீழ்ப்படிந்துகொண்டிருந்தது.

“பானெட்டைத் திறங்க அக்கா! பட்ரே, தள்ளுங்க, பின்னாடி தள்ளுங்க!”

பாவ்லு நொண்டிக்கொண்டே வந்தார். அவரும் நரஹரியும் சேர்ந்து காரை ஒரு முழம் பின்னால் தள்ளினார்கள். அவள் காலடியில் இருந்த நெம்புகோலை இழுத்ததும் பானெட் திறந்தது. பாவ்லு ஸ்பேனரைப் போட்டுப் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். சுழற்சி நின்றது. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

பாவ்லு சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நசுங்கிய டூல்ஸ் பெட்டியை ஒரு தடவை பார்த்தார், பிறகு தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

“அந்தப் பெட்டி இருக்கிற இடத்துல நான் இருந்திருப்பேன்” என்றார். “பேய்னு சிரிச்சேனே அக்கா.”

வைப்பர் தட்டைக் கழற்ற அரைமணி நேரம் ஆயிற்று. அதற்கு அடியில், என்ஜினுக்கும் கண்ணாடிக்கும் இடையிலான பள்ளத்தில், ஒரு எலிக்கூடு இருந்தது. பாக்குத் தோல் நார், கந்தல், நாலைந்து பலாக்கொட்டை. மழைக்கு ஒதுங்கிய எலி என்ஜின் சூட்டில் குடித்தனம் நடத்தி, பல் அரிப்புக்கு ஒயர்களைக் கடித்திருந்தது. இரண்டு ஒயர்கள் தோலுரிந்து செம்பு பளபளத்தன.

“இது எப்பவும் கரண்ட் இருக்கிற தடிச்ச ஒயர். இது ரிலேக்கு உத்தரவு போற சின்ன ஒயர்” என்று பாவ்லு விரலால் காட்டினார். “காஞ்சிருக்கிறப்போ ரெண்டும் விலகி இருக்கு. அதான் காலைல பல்பு எரியல. தண்ணி ஒழுகிக் கூடு ஊறினதும் பாரம் ஏறி, ஒண்ணு மேல ஒண்ணை அழுத்துது. சாவி எதுக்கு? எலி போட்ட சாவியே போதும்.”

மறுபடி ரிலேயைப் பிடுங்கி, பல்பைச் செருகி, பேட்டரி ஒயரை மாட்டினார். ஈரக் கூட்டின் மேல் ஒற்றை விரலை வைத்து அழுத்தினார். பல்பு எரிந்தது. எடுத்தார். அணைந்தது.

“நான் செய்யறேன்” என்றாள் வசுதா.

அவள் விரலை வைத்தாள். எரிந்தது. எடுத்தாள். வைத்தாள். ஐந்தாறு தடவை. நரஹரி பக்கத்தில் நின்று ஒவ்வொரு தடவையும் பார்த்தார். கடைசியில், “போதும் வசு” என்றார். பிறகு சாவியை அவள் கையில் வைத்துவிட்டு மழையில் இறங்கித் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியதைப் பாவ்லு பார்த்தார். பார்க்காத மாதிரி ஒயரைச் சுரண்ட ஆரம்பித்தார்.

கடித்த இடத்தை வெட்டி, புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, குழாயுறை போட்டு, இரண்டு ஒயரையும் வேறு வேறு பக்கமாகக் கட்டிவைத்தார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“காலரைப் பிடிச்சு இழுத்தீங்களே, அந்தச் சட்டைக்கு வேணா ஒரு பொத்தான் தெச்சுக் குடுங்க.”

அன்று சாயங்காலம் நரஹரி கூரையேறி ஓட்டை மாற்றினார். இறங்கி வந்து, அடுக்களை வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: “நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும். வண்டியை நம்பினேன், உன்னை நம்பல.”

“என்னையே நான் நம்பல” என்றாள் வசுதா. “உங்களை என்ன சொல்றது?”

தன் கை தப்பு செய்யவில்லை என்று தெரிந்ததும் பயம் விட்டுப்போகும் என்று அவள் நினைத்திருந்தாள். விடவில்லை. வேறு மாதிரி ஆயிற்று. தப்பு அவளுடையதாக இருந்தால் இனிமேல் கவனமாக இருந்துகொள்ளலாம், மூன்று தடவை எண்ணலாம், முப்பது தடவை எண்ணலாம். ஒரு எலியும் ஓட்டுச் சில்லும் சேர்ந்து செய்ததற்கு யார் எப்படிக் காவல் இருப்பது? ஆத்யா அன்றைக்கு நாலு அடி தள்ளிப் போனது ஒரு செருப்பு கைநழுவியதால். அதற்குமேல் அதில் எந்தக் காரணமும் இல்லை. தூங்கும் மகளின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் விழித்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் நரஹரி, “இன்னிக்கு நான் ஓட்டிட்டுப் போறேனே” என்றார்.

“வேணாம். நீங்க ஆத்யாவைக் கூட்டிக்கிட்டு நடந்து வாங்க. வளைவுல ஏத்திக்கறேன்.”

குடை பிடித்துக்கொண்டு அப்பாவும் மகளும் சேற்றுப் பாதையில் கண்ணுக்கு மறையும் வரை காத்திருந்தாள். அப்புறம்தான் காரில் ஏறினாள். கியர் நடுவில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். டிக்கும் என்ஜினும் ஒன்றாகக் கேட்டன. முதல் கியரிலேயே, நடக்கும் வேகத்தில், வளைவு வரை ஓட்டிக்கொண்டு போனாள்.

அங்கே நரஹரி மகளைச் சாலையோரத்து மண்மேட்டின் மேல், காருக்கு எட்டாத உயரத்தில் தூக்கி நிறுத்தி, கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். வசுதா என்ஜினை அணைத்து, சாவியை உருவி, இறங்கிப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.